பெங்களூரு வீட்டு ஹாலுக்கு ஓஎல்இடி டிவி: படம், ஒலி, விலை பார்த்து வாங்கும் வழி

ஷோரூம் சுவரில் இருபது டிவி வரிசையாக ஓடும்போது எது பளிச்சென்று தெரிகிறதோ அதன் மேல்தான் கண் போகும். அங்கே எல்லா டிவியும் கடைக்கென்றே வைத்திருக்கும் 'விவிட்' முறையில், டிவி கம்பெனியே கொடுத்த வீடியோவைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அந்த டிவி அப்படி இருக்காது. உங்கள் ஹாலில் எந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, அந்த டிவியில் தினமும் என்ன நிகழ்ச்சி எத்தனை மணி நேரம் ஓடும், இந்த இரண்டும்தான் மாடலை முடிவு செய்ய வேண்டும். இவற்றை முதலில் தெரிந்துகொண்டால் விலைப்பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு உச்சத்தில் இருக்கும் மாடல் தேவையே இல்லை. நடுத்தர வரிசையில் போன வருட மாடலை வாங்கி, மிச்சமாகும் பணத்தை, டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரில் போட்டால் பார்ப்பதும் கேட்பதும் இரண்டுமே நன்றாக இருக்கும்.

கடைக்குப் போகும் முன்

ஓஎல்இடியில் பின்னாலிருந்து வெளிச்சம் போடும் விளக்கு கிடையாது. 4கே திரையில் இருக்கும் சுமார் 83 லட்சம் பிக்சல்களும் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) ஒவ்வொன்றும் தனியாக எரியும், தனியாக அணையும். இருட்டு வர வேண்டிய இடத்தில் பிக்சல் முழுக்க அணைந்துவிடுவதால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புக்குத்தான் இவ்வளவு காசு. ஹாலில் வெயில் கொட்டினால் அது கண்ணுக்கே தெரியாமல் போகும்.

பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் ஹாலின் ஒரு முனை பால்கனிக் கண்ணாடிக் கதவாக இருப்பது வழக்கம். அந்தக் கதவு டிவிக்கு நேர் எதிரே வருகிறதா, பக்கவாட்டில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு சுலபமான சோதனை: காலை பதினொரு மணிக்கு, அணைத்து வைத்த லேப்டாப்பை டிவி வரப்போகும் இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சோபாவில் உட்காருங்கள். அந்தத் திரையில் பால்கனியும் எதிர்வீட்டு மாடியும் தெளிவாகத் தெரிந்தால், டிவியிலும் அவை தெரியும். பகலில் நிறையப் பார்க்கும் வீடு என்றால் கனமான திரைச்சீலைக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். இரவில்தான் பார்ப்போம் என்றால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அடுத்தது, என்ன ஓடுகிறது என்பது. இதை அலட்சியமாக விடக் கூடாது. ஓஎல்இடி பிக்சல்கள் எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. திரை முழுக்க ஒரே அளவில் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே லோகோ மாதக்கணக்கில் பிரகாசமாக நின்றால், அந்த இடத்துப் பிக்சல்கள் மட்டும் அதிகம் தேய்ந்து, வேறு படம் ஓடும்போதும் லோகோவின் நிழல் தெரியும். இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். தமிழ்ச் செய்திச் சேனல்களை நினைத்துப் பாருங்கள்: மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே ஓடும் எழுத்து, பக்கத்தில் விளம்பரக் கட்டம். காலையில் காபியோடு போட்டது மதியச் சாப்பாடு வரை ஓடும் வீடுகள் நிறைய. ஒரே சேனல் தினமும் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்த வீட்டுக்கு, பின்னால் ஏராளமான சிறு விளக்குகள் எரியும் மினி-எல்இடி டிவி பொருத்தம், வெளிச்சமான ஹாலிலும் அதுதான் கைகொடுக்கும். வீட்டில் பெரியவர்கள் செய்தி பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அவர்கள் அறையில் 32 அங்குல சாதாரண டிவி ஒன்றை வைத்துவிட்டு, ஹாலில் படத்துக்கும் தொடருக்கும் விளையாட்டுக்கும் ஓஎல்இடி வைக்கலாம். ஐபிஎல் சமயத்தில் இரண்டு மாதம் ஸ்கோர் பட்டை ஓடுவதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. மற்ற நேரத்தில் வேறு வேறு படங்கள் ஓடினால் போதும்.

சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம்

இரவு படுக்கப் போகும்போது டிவியின் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் பழக்கம். ஓஎல்இடிக்கு இது கெடுதல். மொத்தமாக நான்கு மணி நேரம் போல ஓடியதும், ரிமோட்டில் அணைத்த பிறகு டிவி தனக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பை ஓட்டும். எந்தப் பிக்சல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, மின்னோட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். சில நிமிடங்களில் முடியும் வேலைதான், ஆனால் மின்சாரம் இருந்தால்தான் நடக்கும். ரிமோட்டில் அணைத்த உடனே சுவிட்சையும் தட்டினால் அந்தச் சரிபார்ப்பு நடக்காமலே மாதங்கள் ஓடிவிடும். அதன் பிறகு திரையில் கோடு கோடாகத் தெரிகிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்ய வேண்டி வரும்.

ரிமோட்டில் மட்டும் அணையுங்கள், சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது அணைப்பதாக இருந்தால் ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து அணையுங்கள். இதைத் தவிர சுமார் 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய புதுப்பிப்பும் உண்டு, அதற்கு ஒரு மணி நேரம் போல ஆகும். மெனுவில் அதைக் கையாலேயே ஓட்டும் வசதி இருந்தாலும் அடிக்கடி ஓட்டாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்று சோனியே எச்சரிக்கிறது. பிக்சல் நகர்த்தல், லோகோ வெளிச்சக் குறைப்பு ஆகிய இரண்டு அமைப்புகளும் எப்போதும் இயங்கட்டும்.

எத்தனை அங்குலம்

சோபாவில் தலை சாயும் இடத்திலிருந்து திரை வரைக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஆறு முதல் ஏழரை அடி என்றால் 55 அங்குலம். எட்டிலிருந்து ஒன்பது அடி என்றால் 65. பத்து அடியைத் தாண்டினால்தான் 77 பற்றி யோசிக்க வேண்டும். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ., 65 அங்குலத்தின் அகலம் 144 செ.மீ. செய்தித்தாளை ஒட்டி அந்த அளவுக்குச் சுவரில் மாட்டிப் பார்த்தால் வீட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

எட்டரை அடி தள்ளி உட்காரும் வீட்டில், 55 அங்குல மேல்தட்டு மாடலா, 65 அங்குல நடுத்தர மாடலா என்று வந்தால் 65-ஐ எடுங்கள். பிரகாசத்தில் இருக்கும் வித்தியாசம் ஒரு வாரத்தில் பழகிவிடும், திரை சிறியதாகிவிட்டதே என்ற குறை பழகாது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 65 அங்குலப் பெட்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கத்துப் பழைய வீடுகளின் குறுகிய மாடிப்படியிலும், சிறிய லிஃப்டிலும் அது திரும்புமா என்று முன்பே அளந்துவிடுங்கள். பெட்டியைப் படுக்க வைத்துத் தூக்கக் கூடாது. திரை சில மில்லிமீட்டர் தடிமன்தான், வளைந்தால் உள்ளே விரிசல் விடும்.

பேனல் இரண்டு வகை

எந்தக் கம்பெனி பெயர் போட்டிருந்தாலும், சந்தையில் இருக்கும் பெரிய ஓஎல்இடி பேனல்கள் (டிவியின் திரைப் பகுதி) பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன. எல்ஜி டிஸ்ப்ளே செய்வது டபிள்யூஓஎல்இடி. வெள்ளை வெளிச்சத்தை வண்ண வடிகட்டி வழியாக விட்டு, சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைப் புள்ளி ஒன்றையும் சேர்த்துப் படம் காட்டும். சாம்சங் டிஸ்ப்ளே செய்வது கியூடி-ஓஎல்இடி. நீல வெளிச்சத்தைக் குவான்டம் டாட் துகள்கள் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும். இது 2022-இல் சந்தைக்கு வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மிகப் பிரகாசமான நிறங்களில் கியூடி-ஓஎல்இடி முந்தும். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு, தீபாவளி வெடியின் பச்சை போன்றவை வெளுக்காமல் நிற்கும். ஆனால் அதில் ஒளியை வடிக்கும் போலரைசர் தாள் கிடையாது. ஹாலில் விளக்கோ வெயிலோ திரை மேல் பட்டால் கறுப்பு லேசாகச் சாம்பலாக, ஊதா கலந்தாற்போலத் தெரியும். டபிள்யூஓஎல்இடியில் அந்த நிலையிலும் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். அதனால் பகலில் திரைச்சீலை போடாமல் பார்க்கும் வீட்டுக்கு டபிள்யூஓஎல்இடி, விளக்கை அணைத்துப் படம் பார்க்கும் வீட்டுக்குக் கியூடி-ஓஎல்இடி என்று எடுத்துக்கொள்ளலாம். சாம்சங்கின் எஸ்95டி, எஸ்95எஃப் மாடல்களில் பிரதிபலிப்பைக் கொல்லும் மேட் பூச்சு உண்டு. எதிரே ஜன்னல் இருக்கும் ஹாலுக்கு அது உண்மையான உதவி, கறுப்பில் கொஞ்சம் இழப்பு இருந்தாலும்.

மாடல் பெயரைப் படிக்கத் தெரிந்தால் விற்பனையாளர் குழப்ப முடியாது. எல்ஜியில் பி, சி, ஜி என்று ஏறுவரிசை. பின்னால் வரும் எண் வருடம்: 3 என்றால் 2023, 4 என்றால் 2024, 5 என்றால் 2025. சாம்சங்கில் எஸ்85, எஸ்90, எஸ்95 என்று ஏறும். கடைசி எழுத்து சி என்றால் 2023, டி என்றால் 2024, எஃப் என்றால் 2025. சோனியில் ஏ80எல், ஏ95எல் 2023-இன் மாடல்கள். அதன் பின் பிராவியா 8 (2024), பிராவியா 8 மார்க் 2 (2025). இவற்றில் ஏ95எல்லும் மார்க் 2-வும் கியூடி-ஓஎல்இடி, பிராவியா 8 டபிள்யூஓஎல்இடி. சாம்சங் எஸ்90 வரிசையில் திரை அளவைப் பொறுத்துப் பேனல் வகை மாறும். 'எஸ்90 வாங்கினேன்' என்பதை வைத்து எந்தப் பேனல் என்று சொல்ல முடியாது, வாங்கப்போகும் அளவுக்கு எது வருகிறது என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பிரகாசத்தைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து எடைபோடாதீர்கள். 1000 நிட்ஸ், 1500 நிட்ஸ் (நிட்ஸ் என்பது பிரகாசத்தின் அளவு) என்பதெல்லாம் திரையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெள்ளையாக இருக்கும்போது கிடைப்பது. திரை முழுக்க வெள்ளையானால் நடுத்தர ஓஎல்இடிகள் 200 நிட்ஸை ஒட்டி இறங்கிவிடும், மின்சாரமும் சூடும் மீறாமல் இருக்க டிவியே குறைத்துக்கொள்கிறது. பனிமலைக் காட்சியிலும், லேப்டாப்பை இணைத்து எக்செல் திறந்தாலும் திரை மங்குவது இதனால்தான். பழுது இல்லை.

நாம் பார்க்கும் படத்துக்கு எது பொருந்தும்

விமர்சனங்களில் எல்லாரும் 4கே புளூ-ரே போட்டுப் பார்த்து எழுதுகிறார்கள். நம் வீடுகளில் பாதி நேரம் டிடிஎச்சில் வரும் எச்டி தமிழ்ச் சேனல்கள், சிலவற்றில் பழைய எஸ்டி சேனல்கள், மீதி நேரம் யூடியூப், ஓடிடி. கேபிளில் வரும் எச்டி படம் 1080 வரியில், ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பின்னப்பட்டு, மிகவும் சுருக்கி அனுப்பப்படுவது. பெரிய 4கே திரையில் அதைப் பரப்பும்போது முகத்தைச் சுற்றி மணல் போலப் புள்ளிகளும், இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாகவும் தெரியும். இங்கே பேனலை விட, படத்தைச் சரிசெய்து காட்டும் பிராசசர் சிப்புக்குத்தான் வேலை அதிகம். இதில் சோனி முன்னால் நிற்கிறது: மோசமான சிக்னலைச் சுத்தம் செய்வதிலும், வானம், சுவர் போன்ற இடங்களில் நிறம் படிப்படியாக மாறுவதைப் பட்டை இல்லாமல் காட்டுவதிலும். சீரியலும் பழைய படங்களும் அதிகம் பார்க்கும் வீட்டில், பிரகாசம் குறைவான பிராவியா 8 கூட அதிகப் பிரகாசமுள்ள மற்றவற்றை விட நிறைவாக இருக்கும். எல்ஜியில் அதே குறைக்கு 'ஸ்மூத் கிரேடேஷன்' என்ற அமைப்பை 'லோ' அல்லது 'மீடியம்' நிலையில் வையுங்கள்.

காட்சிக்குக் காட்சி பிரகாசத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் டால்பி விஷன் விஷயம் எளிது. எல்ஜி, சோனியில் உண்டு, சாம்சங்கில் கிடையாது. சாம்சங்கில் இருப்பது அதே மாதிரி வேலையைச் செய்யும் எச்டிஆர்10+. நெட்ஃபிளிக்ஸ், ஜியோஹாட்ஸ்டார் அதிகம் பார்ப்பவர்களுக்கு டால்பி விஷன் இருப்பது நல்லது. நெட்ஃபிளிக்ஸில் 4கே, டால்பி விஷன், அட்மாஸ் (மேலிருந்தும் சுற்றிலும் கேட்கும் டால்பி ஒலி) எல்லாம் பிரீமியம் சந்தாவில்தான் வரும். குறைந்த சந்தாவை வைத்துக்கொண்டு டிவியைக் குறை சொல்பவர்கள் உண்டு. 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேகம் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. ரௌட்டர் அடுத்த அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள்.

இன்னொரு புகார் அடிக்கடி வரும்: "கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் படம் தடதடவென்று வெட்டுகிறது." சினிமா நொடிக்கு 24 பிரேம்தான். ஓஎல்இடி பிக்சல் கண்ணிமைக்கும் முன்பே மாறிவிடுவதால் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகத் தெரிகிறது. பழைய எல்இடி டிவியில் பிக்சல் மெதுவாக மாறும்போது வந்த மங்கல் இதை மறைத்துக்கொண்டிருந்தது. எல்ஜியில் ட்ரூமோஷனைச் 'சினிமாட்டிக் மூவ்மென்ட்' என்று வையுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோவின் ஸ்மூத்னெஸ் 1. சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டியைக் கஸ்டமாக்கி ஜடர் ரிடக்ஷனை 2 அல்லது 3 ஆக்குங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சினிமாவே சீரியல் மாதிரி வழுக்கும்.

கேம் ஆடும் பிள்ளைகள் இருந்தால் வேகமான எச்டிஎம்ஐ 2.1 போர்ட் எத்தனை என்று எண்ணுங்கள். எல்ஜி சி வரிசையிலும் சாம்சங் எஸ்90-லும் நான்கு உண்டு. சோனியில் நான்கில் இரண்டு மட்டும்தான் 2.1, அதிலும் ஒன்று, டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் இஏஆர்சி போர்ட்டாகவே இருக்கும். பிஎஸ்5 கேம் கருவியும் சவுண்ட்பாரும் சேர்ந்தால் இரண்டும் தீர்ந்துவிடும்.

ஒலி: மிச்சப்படுத்தக் கூடாத இடம்

மெல்லிய திரைக்குள் ஸ்பீக்கருக்கு இடம் கிடையாது. எல்ஜி பி வரிசையில் 20 வாட், சி வரிசையில் 40 வாட், அதுவும் கீழ்நோக்கிப் பேசும் ஸ்பீக்கர்கள். வசனம் டிவி ஸ்டாண்டு மேல் பட்டுத் தெறித்துத்தான் காதுக்கு வரும். பாட்டும் சண்டையும் சத்தமாக, பேச்சு மட்டும் முணுமுணுப்பாகக் கேட்பதற்கு இதுவே காரணம். சோனி ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறது: திரைக்குப் பின்னால் சிறு அதிர்விகளை ஒட்டி, திரையையே ஸ்பீக்கராக்கிவிடுகிறது. நடிகரின் முகத்திலிருந்தே குரல் வருவது போல இருக்கும். சவுண்ட்பார் வாங்கவே போவதில்லை என்று முடிவானால் சோனி எடுப்பது புத்திசாலித்தனம். அப்போதும் பாஸ் குறைவாகவே இருக்கும்.

சவுண்ட்பார் எடுப்பதாக இருந்தால், 'அட்மாஸ்' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 2.1 பாரை (இரண்டு ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்வூஃபர்) விட, நடுவில் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் இருக்கும் 3.1 எவ்வளவோ மேல். முதல் எண் 3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். மேல்நோக்கிப் பேசும் ஸ்பீக்கருக்குக் காசு கொடுப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள். ஒலி கூரையில் பட்டு இறங்க வேண்டும், அதற்குச் சமதளமான எட்டு முதல் பத்து அடி உயரக் கூரை தேவை. பெங்களூரு ஹால்களில் போடும் படிக்கட்டு வைத்த ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் அது சிதறிவிடும். அங்கே பின்னால் வைக்கும் இரண்டு தனி ஸ்பீக்கர்களோடு வரும் செட் பலன் தரும். சப்வூஃபரைத் தரையோடு ஒட்டாமல் தடித்த ரப்பர் பாய் மேல் வையுங்கள், கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

இணைப்பில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிவியில் 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் மட்டும் சவுண்ட்பாரைச் செருகுங்கள். அமைப்பில் இஏஆர்சி-யை இயக்கி, டிஜிட்டல் ஒலி வெளியீட்டை 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' என்று வையுங்கள். டிவியும் சவுண்ட்பாரும் ஒன்றையொன்று இயக்க உதவும் எச்டிஎம்ஐ-சிஇசி-யும் இயங்க வேண்டும், எல்ஜியில் அதன் பெயர் சிம்ப்ளிங்க், சாம்சங்கில் எனிநெட்+. அட்மாஸ் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: வெளியீடு 'பிசிஎம்' என்ற சாதாரண ஒலி நிலையில் இருக்கிறது, போர்ட் மாறியிருக்கிறது, ஓடிடி சந்தா குறைந்தது, அல்லது ஆப்டிக்கல் கேபிளில் இணைத்திருக்கிறீர்கள். ஆப்டிக்கல் வழியே சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும். டிவியும் சவுண்ட்பாரும் ஒரே கம்பெனியாக இருந்தால் டிவி ஸ்பீக்கரும் சேர்ந்து பேசும் வசதி உண்டு, சாம்சங்கில் கியூ-சிம்பொனி, எல்ஜியில் வாவ் ஆர்கெஸ்ட்ரா. அதற்காக மட்டும் ஒரே கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பென் டிரைவில் பழைய படங்கள் வைத்திருப்பவர்கள், ஒலி டிடிஎஸ் என்ற வகையில் இருந்தால் சாம்சங் டிவி அதைப் பாடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்குமுன் சவுண்ட்பாரின் உயரத்தையும், ஸ்டாண்டில் நிற்கும் டிவியின் கீழ் விளிம்புக்கும் மேஜைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஆறு ஏழு சென்டிமீட்டர் உயரமான பார், பல மாடல்களில் படத்தின் அடியையும் ரிமோட் சென்சாரையும் மறைத்துவிடும்.

விலை, கடை, நேரம்

55 அங்குலத்தில் அடிவரிசை தள்ளுபடிக் காலத்தில் ஒரு லட்சத்தை ஒட்டியும், நடுத்தரம் சுமார் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரையும், மேல்தட்டு இரண்டு லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் இருக்கும். இது மாதத்துக்கு மாதம் மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 1,28,000 ரூபாய்க்கு விற்ற டிவி, மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், 1,18,000 ஆக வேண்டும். அதற்கு முந்தைய விலையைக் காட்டி 'பத்தாயிரம் தள்ளுபடி' என்றால் அது தள்ளுபடியே கிடையாது.

புது மாடல்கள் கோடையை ஒட்டி வரும், அப்போது போன வருட மாடல்களின் விலை இறங்கத் தொடங்கும். தசரா, தீபாவளி சமயத்தில் அவை அடிமட்டத்துக்கு வரும், ஆனால் அதற்குள் 65 அங்குலச் சரக்கு தீர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. வருடத்துக்கு வருடம் நடுத்தர வரிசையில் நடக்கும் முன்னேற்றம் சிறியது. சி5-க்கும் சி4-க்கும் இருபதாயிரம் வித்தியாசம் வந்தால் சி4-ஐ எடுத்து அந்தப் பணத்தைச் சவுண்ட்பாரில் போடுங்கள்.

கிரியாஸ், பை இன்டர்நேஷனல், குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல் என்று நேரில் போகும் இடங்களில், ஆன்லைன் விலையை மொபைலில் காட்டிப் பேசுங்கள். வார நாளின் மதியம் போனால் மேனேஜரே வந்து பேசுவார். விலை குறைக்க முடியாது என்றால் சுவர் பிராக்கெட், கூடுதல் வாரண்டி, நல்ல எச்டிஎம்ஐ கேபிள் கேளுங்கள். டிவியை 'ஹோம்' முறைக்கு மாற்றி, பிக்சரை 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' நிலையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பென் டிரைவில் கொண்டுபோன இருட்டுக் காட்சி ஒன்றும், முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சி ஒன்றும் போட்டுப் பாருங்கள். தோலின் நிறம் செங்கல் போலவோ மெழுகு போலவோ தெரிந்தால் தயங்குங்கள். டிஸ்பிளேவுக்கு வைத்த டிவியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது தினமும் பத்து மணி நேரம் முழுப் பிரகாசத்தில் ஒரே லோகோவோடு எரிந்த பேனல்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதில் வங்கி வட்டி போடும், கடை அதே தொகையைத் தள்ளுபடியாகத் தரும். ஆனால் வட்டி மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் கணக்கில்தான் விழும். வாரண்டித் தாளில் பர்ன்-இன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சாதாரண வாரண்டி ஒரு வருடம், கூடுதல் வாரண்டிகள் பலவற்றில் பர்ன்-இன் சேராது. வாரண்டி முடிந்து பேனல் போனால் மாற்றும் செலவு புது டிவி விலையைத் தொடும். அதனால் பேனலையும் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வாரண்டி மட்டும்தான் காசுக்குத் தகும்.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்பி ரோடில் டிவியே குறைவாகக் கிடைக்கிறது என்றால் இந்திய வாரண்டியும் ஜிஎஸ்டி பில்லும் உண்டா என்று கேளுங்கள். பிராக்கெட், சர்ஜ் புரொடக்டர் வாங்க அந்தத் தெரு நல்ல இடம். எச்டிஎம்ஐ கேபிள் எடுக்கும்போது பெட்டியில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' ஸ்டிக்கரும் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டுவதும் மின்சாரமும்

புது அடுக்குமாடிகளில் உள்சுவர் பெரும்பாலும் ஏஏசி பிளாக் (நுரைத்த, லேசான சிமென்ட் கல்) அல்லது நான்கு அங்குல சிமென்ட் பிளாக். ஏஏசி பிளாக்கில் சாதாரண விரியும் போல்ட்டைப் போட்டால் கல் உள்ளுக்குள் பொடிந்து, சில மாதத்தில் தளர்ந்துவிடும். ஏஏசி-க்கென்று வரும் நீள நைலான் பிளக் அல்லது கெமிக்கல் ஆங்கர் போடச் சொல்லுங்கள். கம்பெனி அனுப்பும் ஆள் சாதாரண பிளக்தான் கொண்டுவருவார், முன்பே வாங்கி வையுங்கள். இந்தச் சுவரில் வெளியே இழுக்கும் கை வைத்த பிராக்கெட் வேண்டாம், நெம்புகோல் போல இழுத்து பிளக்கைப் பிடுங்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடக் கூடாது, வயர் அந்த வழியாகத்தான் ஏறும். சோபாவில் உட்கார்ந்தால் கண் உயரம் தரையிலிருந்து சுமார் 105 செ.மீ., பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் 75 முதல் 80. திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி வரட்டும். மாட்டுபவர்கள் வழக்கமாக ஒரு அடி மேலே மாட்டிவிடுவார்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்காமல் துளை போடாதீர்கள், அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

பெரும்பாலான டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும், பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். அப்படி இருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. தேவைப்படுவது சர்ஜ் புரொடக்டர். ஏப்ரல், மே மாத இடிமழையில் பெஸ்காம் லைன் போய் வரும்போது பாயும் மின்சாரம்தான் போர்டைக் கருக்குகிறது. எர்த் சரியாக இல்லாத பிளக்கில் சர்ஜ் புரொடக்டர் இருந்தும் பயனில்லை, எலெக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். இடி நெருங்கினால் மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

முதல் நாள், முதல் வாரம்

பெட்டியை டெலிவரி ஆள் முன்னாலேயே திறந்து, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் கிடைக்கும் முழுச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளைத் திரைகளைப் போட்டு அணைந்த பிக்சல் உண்டா என்று பாருங்கள். பிறகு விளக்கை அணைத்து 5 சதவீதச் சாம்பல் திரையைப் போடுங்கள். லேசான செங்குத்துப் பட்டைகள் தெரிவது சகஜம், முதல் சில சரிபார்ப்புகள் ஓடியதும் குறையும். படம் ஓடும்போதே கண்ணில் படும் அளவுக்குத் தடித்த பட்டையோ, ஒரு பக்கம் இளஞ்சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக நிறம் பிரிவதோ இருந்தால் மாற்றிக் கேளுங்கள்.

அமைப்பில் மின்சேமிப்பு முறையை அணையுங்கள், இல்லாவிட்டால் படம் காரணமில்லாமல் மங்கும். ஃபிலிம்மேக்கர் முறை முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். பழைய டிவியின் நீலம் கலந்த வெள்ளைக்குக் கண் பழகியிருப்பதால் வருவது அது, ஒரு வாரம் மாற்றாமல் பாருங்கள். பகலில் பார்க்க வேறொரு முறையில் பிரகாசத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், கண்ணாடி துடைக்கும் திரவம் பூச்சை அரிக்கும்.

பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் மாற்றித் தரும் கெடு முடியும் வரை நிமிர்த்தியே வையுங்கள். பெட்டி இல்லாமல் திருப்பி எடுக்கப் பல கடைகள் மறுக்கும். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று, சுவரில் மாட்டுவதற்கு முன்பே பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அந்த ஸ்டிக்கரைப் படிக்க டிவியைக் கழற்ற வேண்டியிருக்கும்.